முதல் கைநாட்டு

நெட்டப்பாறையில் அந்த ஒரு வாரம் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அழகுமலை குற்றவாளி என்று திருச்சி கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. எத்தனை வருசம் என்பதை மட்டும் அடுத்த வெள்ளிக்கிழமை சொல்வதாக ஜட்ஜ் தள்ளிவைத்திருந்தார். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? ஒரு ஜட்ஜ் முடிவு செய்ய வேண்டிய சங்கதியை நூற்றைம்பது வீடும் ஆளுக்கொரு விதமாக முடிவு செய்துகொண்டிருந்தது.

அழகுமலை பஞ்சாயத்து யூனியன் சேர்மனாக இருந்தவன். பதவி போய் ஒன்றரை வருசம் ஆகியும் ஊர் அவனைச் சேர்மன் என்றுதான் சொல்லும். 'அவர்' என்றுதான் சொல்லும். உண்ணாமலைக்கு அவன் 'அவன்'தான். இந்தக் கதையிலும் அவன் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

பள்ளிக்கூடம் கட்ட சர்க்கார் கொடுத்த சிமெண்டு மூட்டைகள் அவனுடைய அரிசி மில்லுக்குப் போயின. பள்ளிக்கூடச் சுவருக்குச் செம்மண்ணைக் குழைத்து வைத்து, மேலே மட்டும் வெள்ளையாகப் பூசிவிட்டான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அறுபத்து மூன்றாம் வருசத்து ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் மேற்குச் சுவர் ஊறி, நாலாம் நாள் காலையில் உள்பக்கமாகச் சாய்ந்தது. சுவரோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த நாலு பிள்ளைகள் செத்துப்போனார்கள். அதில் ஒருத்தி செவந்தி. எட்டு வயது. உண்ணாமலைக்கு ஒரே மகள்.

அதற்குப் பிறகு உண்ணாமலை அழுதது கொஞ்சம், வைதது அதிகம். விராலிமலைக்குப் போகிற பெரிய ரோட்டில், ஊர் பஸ் ஸ்டாப்பில், பானையில் அவித்த கடலை வைத்து விற்பவள் அவள். பஸ் ஜன்னலில் கடலைப் பொட்டலத்தை நீட்டுகிற கையோடு, யாராவது சேர்மன் பெயரை எடுத்தால் அவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவாள். அவள் வாய்க்குப் பயந்து பாதிப் பேர் அந்தப் பக்கம் வருவதையே விட்டிருந்தார்கள்.

பஸ் ஸ்டாப்பை ஒட்டி வீரய்யாவின் டீக்கடை. அங்கேதான் தினமும் தண்டனை முடிவாகும், தினமும் மாறும்.

"பத்து வருசம் போடணும்யா. அப்பத்தான் அடுத்தவனுக்குப் பயம் இருக்கும்" என்றான் ஒருவன்.

"பத்தா? தூக்குல போடணும்."

"தூக்குப் போட அவரு என்ன அருவாளெடுத்தா வெட்டுனாரு? மழை பேஞ்சா செவுரு விழத்தான் செய்யும்."

வீரய்யா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "ரோடு யாரு போட்டது? கரெண்டு யாரு கொண்டாந்தது? இந்தா, வாசல்ல பஸ்ஸு நிக்குதே, அது யாரால நிக்குது? ஆனைக்கும் அடி சறுக்கும்யா. ஒரு தப்புக்காக ஒரு மனுசனக் குழியில தள்ளுறதா?"

உண்ணாமலை பானையை விட்டு எழுந்து வந்தாள்.

"ஆனைக்கு அடி சறுக்குனா ஆனைதான் விழும் வீரய்யா. இங்க ஆனை நல்லாத்தான நின்னுச்சு? எம் மகதான விழுந்தா. ஒன் வீட்டுப் புள்ள ஒண்ணு செத்திருந்தா இந்தப் பழமொழி ஒனக்கு வாயில வருமா?"

"நான் பொதுவாச் சொன்னேந்தா."

"பொதுவுல நாலு புள்ள புதைச்சுக் கெடக்கு. அங்கிட்டுப் போயிச் சொல்லு."

அவள் பானைக்குத் திரும்பினாள். வையாமல் இருந்த நாளைவிட வைத நாளில்தான் அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். இடிந்த கட்டடத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் கீற்றுக் கொட்டகையில் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் கூட்டியவன் நாகராசு. அழகுமலை சேர்மனாக இருந்த காலத்தில் அவனுக்கு எழுத்து வேலை எல்லாம் பார்த்தவன். இரும்புப் பெட்டி ஒன்றை எப்போதும் கூடவே தூக்கிக்கொண்டு திரிவான். மனு, மகஜர், ரசீது எல்லாம் அதற்குள் இருக்கும்.

"வக்கீல் ஐயா ஒண்ணு சொல்லியனுப்பியிருக்காரு" என்று ஆரம்பித்தான். "ஊரே ஒண்ணாச் சேந்து, இவருக்குத் தண்டனையக் கொறைங்க, நாங்க மன்னிச்சுட்டோம்னு ஒரு மகஜர் குடுத்தா, ஜட்ஜ் ஐயா மனசு எறங்குவாராம். ஒரு வருசம், ரெண்டு வருசத்தோட போயிருமாம். வயசான மனுசன். ஊருக்கு ஒழைச்ச மனுசன். என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வது? ஒரே நேரத்தில் நாற்பது பேர் சொன்னார்கள். கைநாட்டு வைத்துவிடலாம் என்றது ஒரு கூட்டம். வைத்தவன் கையை ஒடிப்போம் என்றது இன்னொன்று. மாமனும் மச்சானும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் கல்யாணத்துக்குப் பாக்கு மாற்றியிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் அந்த இடத்திலேயே சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள்.

நாகராசு சந்தனராஜைப் பார்த்தான். சந்தனராஜ் ஆவூர் மாதா கோவில் பங்கைச் சேர்ந்த வேதக்காரன், கொஞ்சம் படித்தவன். செத்த நாலு பிள்ளைகளில் ஒன்று அவன் மகன்.

"ஒங்க வேதத்துல பகையாளியையும் மன்னிக்கச் சொல்லியிருக்குல்ல சந்தனராசு? நீ மொதல்ல கையெழுத்துப் போட்டா மத்தவங்களும் போடுவாங்க."

"மன்னிக்கிறதப் பத்தி நான் சாமியாருகிட்ட பேசிக்கிறேன். அதுக்கு ஒன் பேப்பர் வேணாம்" என்றான் சந்தனராஜ். "தண்டனை கோர்ட்டு குடுக்கட்டும். நானும் இருந்து பாக்குறேன்."

கூட்டத்தில் பொம்பளைகள் பேசுகிற வழக்கம் நெட்டப்பாறையில் கிடையாது. உண்ணாமலை பேசினாள். அவள் புருசன் பிச்சைமுத்து, "சும்மா இருடி" என்று கையைப் பிடித்து இழுத்தான். கல்குவாரியில் கல்லோடு பேசிப் பழகிய ஆள் அவன். மனுசர்களோடு பேச்சு குறைவு. அவள் கையை உதறிக்கொண்டு முன்னால் போனாள்.

"மன்னிச்சுட்டோம்னு எழுதுறதுக்கு முன்னாடி ஒருத்தன் மன்னிக்கணுமில்ல? யாரு மன்னிச்சா? நான் மன்னிக்கல. அந்தச் செவுத்த இன்னும் அள்ளாமப் போட்டு வச்சிருக்கீங்களே, அதுல ஒரு கட்டிய எடுத்து வெரலால நசுக்கிப் பாருங்க. புட்டு மாதிரி உதுருது. அதப் பாத்துட்டு வந்து மகஜர் வைங்க. எங்கைநாட்டு அதுல விழுந்துச்சுன்னா நான் எம் மகளப் பெத்தவ இல்ல!"

அதற்குப் பிறகு நாகராசு எவ்வளவு கத்தியும் எடுபடவில்லை. ஒரு ஆள்கூட முன்னால் வரவில்லை. அவன் மைப்பெட்டியை மூடி இரும்புப் பெட்டிக்குள் வைத்தான்.

"வைக்காட்டிப் போங்க. ஒங்க தயவு இல்லாட்டி ஒலகம் நின்னுறாது" என்றான்.

ஊர் ஊளையிட்டு அவனை அனுப்பிவைத்தது. உண்ணாமலை அன்றைக்கு வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சோறு சாப்பிட்டாள். மகள் செத்து இரண்டு வருசத்தில் அப்படிச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை மத்தியானம் திருச்சி பஸ்ஸில் இருந்து சந்தனராஜ் இறங்கினான். சர்க்கார் வக்கீலைப் பார்க்கப் போயிருந்தவன். இறங்கினவன் நேராக அவள் பானைக்கு முன்னால் வந்து நின்றான். முகம் கடுகடு என்றிருந்தது.

"ஏந்தங்கச்சி, கூட்டத்துல அந்தப் பேச்சுப் பேசிட்டு, பின்னால போயி மகஜர்ல கைநாட்டு வச்சிட்டியா?"

"என்னண்ணே பேசுறீங்க? எவன் சொன்னான்?"

"எவனும் சொல்ல வேண்டாம். எங்கண்ணால பாத்தேன். வக்கீல் கையில இருக்கு. நாங்க மன்னிச்சுட்டோம்னு எழுதி, முந்நூறு கைநாட்டு. மொதக் கைநாட்டு ஒன்னுது. பக்கத்துலயே எழுதியிருக்கு, பிச்சைமுத்து சம்சாரம் உண்ணாமலைன்னு. ரெண்டாவது எம் பொஞ்சாதி மரிய செல்வி. அவளக் கேட்டா மாதா மேல சத்தியமா வைக்கலைன்னுதான் சொல்லுவா. பெறகு எப்படி வந்துச்சு? ஆகாசத்துல இருந்து விழுந்துச்சா?"

உண்ணாமலை ஓங்கி வையத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. எங்கே இருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நெட்டப்பாறைக்காரர்கள் விவரமானவர்கள் என்று அவர்களுக்கே ஒரு நினைப்பு உண்டு. நாலு வருசத்துக்கு முன்னால், அழகுமலை சேர்மனான புதிதில், எதற்கெடுத்தாலும் மகஜர் வேண்டியிருந்தது. பஸ் நிற்க ஒரு மகஜர், மண்ணெண்ணெய்க்கு ஒரு மகஜர், கிணறு ஆழப்படுத்த ஒரு மகஜர். ஒவ்வொரு தடவையும் களையெடுப்பை விட்டு, குவாரியை விட்டு வந்து நின்றால் அரை நாள் கூலி போய்விடும். அழகுமலைதான் வழி சொன்னான்: "எதுக்கு அலையுறீங்க? மொத்தமா பத்து மகஜருக்கு வெத்துத்தாள்ல வச்சிட்டுப் போயிருங்க. எது எது வேணுமோ அதை நாகராசு மேல எழுதிக்குவான்." ஆஹா, எவ்வளவு நல்ல யோசனை என்று ஊரே மெச்சியது. மேல்பக்கம் காலியாக விட்ட தாள்களில் வரிசையாக வந்து கட்டைவிரலை வைத்துவிட்டு, மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு போனார்கள். நாகராசு ஒவ்வொரு கைநாட்டுக்குப் பக்கத்திலும் பெயரை எழுதிப் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

அன்றைக்கு முதல் ஆளாகப் போய் வைத்தவள் உண்ணாமலை. பஸ் நின்றால் கடலை விற்கலாம் என்று அவளுக்கு ஆசை. தயங்கி நின்ற பொம்பளைகளை வீடு வீடாகப் போய் இழுத்துக்கொண்டு வந்ததும் அவள்தான். "வாங்கடி, வெரல்தான வைக்கச் சொல்றாங்க, வெரலையா கேக்குறாங்க?" என்று கேலி பேசியே கூட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் மாதம் பஸ் நின்றது. ஊர் அவளுக்குக் கெட்டிக்காரி என்று பெயர் வைத்தது.

பானையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு நாகராசு வீட்டுக்கு ஓடினாள்.

"அந்தத் தாளத் திருப்பிக் குடு."

நாகராசு கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. "எந்தத் தாளு? நீயா வந்து வச்சது. நான் என்ன ஒன் வெரல வெட்டிக்கிட்டா வந்தேன்?"

"பஸ்ஸுக்குன்னு சொல்லித்தானடா வாங்குன!"

"பஸ்ஸு நின்னுச்சுல்ல? கடலை விக்கிறேல்ல? அப்ப இனிச்சுச்சு, இப்பக் கசக்குதோ?"

"இன்னும் எத்தன தாளு வச்சிருக்க?"

"அது எதுக்கு ஒனக்கு? போத்தா, போயிப் பொழப்பப் பாரு."

அவள் ஒரு பிடி மண்ணை வாரி அவன் வாசலில் தூற்றிவிட்டு வந்தாள். அவளால் அப்போது செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போய், அத்தனையும் வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டு என்று சொல்லப்போவதாக அவள் சொன்னதும் ஊர் அவள்மேல் பாய்ந்தது. அதுவரை அவள் கட்சியில் இருந்தவர்களும் பாய்ந்தார்கள். "நீ அப்படிச் சொன்னா வெத்துத்தாள்ல வச்ச அம்புட்டுப் பேரையும் புடிச்சு உள்ள போடுவாங்கடி" என்றார்கள். "பஸ்ஸ நிறுத்திருவாங்க" என்றார்கள். "ஒன் வாயால ஊரே சீரழியணுமா?" என்றார்கள். பிச்சைமுத்து மட்டும், "போகாத. போனது போயிருச்சு" என்று மெதுவாகச் சொன்னான்.

"போனது எம் மக. பஸ்ஸு இல்ல" என்றாள் உண்ணாமலை. சந்தனராஜைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினாள்.

கோர்ட்டில் அழகுமலை வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு கூண்டில் நின்றான். ஜெயிலில் ஒரு வாரம் இருந்தும் சலவை மடிப்புக் கலையவில்லை. அவளைப் பார்த்ததும் பழக்க தோசத்தில் தலையை ஆட்டினான், ஊரில் ஓட்டுக் கேட்டு வரும்போது ஆட்டுவது போல.

அவனுடைய வக்கீல் எழுந்து மகஜரைப் படித்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரே முன்வந்து மன்னித்துவிட்டார்கள், கோர்ட்டாரும் இரக்கம் காட்ட வேண்டும் என்றார். சர்க்கார் வக்கீல் எழுந்து, அந்தத் தாய் இங்கே வந்திருக்கிறாள், அவளையே கேட்கலாம் என்றார். ஜட்ஜ் அவளைக் கூப்பிட்டு மகஜரைக் காட்டச் சொன்னார்.

"இது உன் கைநாட்டா அம்மா?"

"என்னுதுதான் சாமி. ஆனா நான் வைக்கும்போது அதுல எழுத்து இல்ல." பஸ்ஸுக்கென்று வாங்கிய கதையை ஒன்று விடாமல் சொன்னாள். "நான் இவனை மன்னிக்கல சாமி. செத்தாலும் மன்னிக்க மாட்டேன்" என்று முடித்தாள்.

அழகுமலையின் வக்கீல் பதறவில்லை. கேஸ் கட்டைப் புரட்டி ஒரு தாளை உருவினார்.

"நல்ல கதையம்மா. அப்படியே இதையும் பார்த்துச் சொல்லு. 'எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் நல்ல சிமெண்டுச் சாந்தில் உறுதியாகக் கட்டி முடிக்கப்பட்டது. ஊரார் நேரில் பார்த்துத் திருப்தி அடைந்தோம்.' இந்தச் சான்றை நம்பித்தான் என்ஜினியர் கட்டடத்தை ஒப்புக்கொண்டார். இதில் முதல் கைநாட்டு யாருடையது?"

அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்தக் கைநாட்டைத் தெரியும். சின்ன வயதில் கருக்கரிவாள் பட்ட தழும்பு கட்டைவிரலின் குறுக்கே ஓடுகிறது; தாளிலும் அந்த இடத்தில் மை ஒட்டாமல் வெள்ளைக் கோடு கிடந்தது. அதற்குக் கீழே மரிய செல்வி. அதற்கும் கீழே அவள் வீடு வீடாகப் போய் இழுத்துக்கொண்டு வந்த பொம்பளைகள் அத்தனை பேரும் வரிசையாக இருந்தார்கள். அவள் சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்து வைத்தாயா, பார்க்காமல் வைத்தாயா?" என்றார் வக்கீல். "பார்த்து வைத்திருந்தால், ஊரே ஒப்புக்கொண்ட கட்டடத்துக்கு இவரை மட்டும் தண்டிப்பது என்ன நியாயம்? பார்க்காமல் வைத்திருந்தால், என்னவென்றே தெரியாமல் கை வைக்கிறவள் பேச்சுக்கு என்ன மதிப்பு?"

இது என்னுடையது இல்லை என்று சொல்லிவிட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. சொல்லியிருந்தால் ஊரில் அவள் தப்பித்திருப்பாள். ஆனால் இதை இல்லையென்றால் மகஜரைப் பற்றிச் சொன்னதும் பொய்தான் என்று ஆகிவிடும். அவன் ஒரு வருசத்தில் வீட்டுக்கு வந்துவிடுவான்.

"வச்சேன் சாமி" என்றாள் ஜட்ஜைப் பார்த்து. "பாக்காம வச்சேன். நான் மட்டும் வைக்கல. ஊர்ப் பொம்பளைகளையெல்லாம் நாந்தான் கேலி பேசி இழுத்துட்டுப் போயி வைக்க வச்சேன். பஸ்ஸு நின்னா ரெண்டு படி கடலை கூட விக்குமேன்னு வச்சேன். அந்தத் தாளக் காட்டித்தான் எம் மகள அந்தச் செவுத்துக்குக் கீழ ஒக்கார வச்சாங்கன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது. இவன் சிமெண்டத் திருடுனான். நான் வெரலக் குடுத்தேன். அதுக்கு எத்தன வருசமோ எனக்குக் குடுங்க, வாங்கிக்கிறேன். என்னையச் சொல்லி இவனுக்குக் கொறைச்சிராதீங்க."

ஜட்ஜ் வெகுநேரம் எழுதினார். மத்தியானத்துக்கு மேல் தீர்ப்புச் சொன்னார். மகஜரையும் சரி, திருப்திச் சான்றையும் சரி, குற்றவாளிக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள முடியாது. வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கியதே அவன் புத்தியைக் காட்டுகிறது என்றார். ஆறு வருசம் கடுங்காவல். அழகுமலையை அழைத்துக்கொண்டு போனார்கள். அப்போதும் அவன் சட்டையில் மடிப்பு இருந்தது.

அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள். உண்ணாமலை நகரவில்லை. டவாலி போட்ட சேவகன் வந்து அவளைக் கிளப்பினான்.

"எனக்கு ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டாள்.

"ஒம்மேல கேஸே இல்லம்மா. வழிய விடு."

திரும்பும்போது பஸ்ஸில் பாதிக்கு மேல் காலி. சந்தனராஜ் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் போய் டிரைவருக்குப் பின் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டான். பாதி வழி வந்தபோது அவள், "அண்ணே" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. அவன் பெண்டாட்டியின் விரல் அந்தத் தாளில் இரண்டாவதாக இருந்தது. அதை வைக்க வைத்தது யார் என்று இப்போது அவனுக்கும் தெரியும்.

நெட்டப்பாறையில் செய்தி பஸ்ஸுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. டீக்கடையில் ஆறு வருசம் அதிகம் என்று வீரய்யாவும், ஆறு எந்த மூலைக்கு என்று இன்னொருவனும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொருத்தி, தங்கமுத்து, ரோட்டின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"நீதானடி வாசல்ல வந்து நின்னு, வெரல்தான வைக்கச் சொல்றாங்கன்னு சிரிச்ச" என்றாள் தங்கமுத்து. அதற்கு மேல் வையக்கூட இல்லை.

இரண்டு வருசமாக யார் என்ன சொன்னாலும் உண்ணாமலையிடம் பதில் இருந்தது. இன்றைக்கு இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

பிச்சைமுத்து வீட்டு வாசலில் நின்றிருந்தான். குவாரியில் இருந்து அப்போதுதான் வந்தவன், அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவள் கிட்டே வருகிற வரைக்கும் பொறுத்திருந்து கேட்டான்.

"எத்தன வருசம்?"

"யாருக்குக் கேக்குறீங்க?" என்றாள் உண்ணாமலை.